கேமரா யாரைப் பார்த்தது?

அத்தியாயம் 11

பத்து மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ருவோலானின் உள்ளங்கை வேர்த்து, கைபேசி வழுக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் அந்த மனநல ஆலோசனைச் செயலியைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்தவள், போன புதன்கிழமை ஒருவழியாகப் பதிவு செய்துவிட்டாள். சியு என்று ஒரு மனநல ஆலோசகர். வேறு ஊரிலிருந்து வீடியோவில் பேசுவார். அவரிடம் போகிறவர்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். புருஷன் போயுவானிடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் அவன் சிரிப்பான், அல்லது பயப்படுவான். இரண்டையும் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

யாயா பிறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பிள்ளை பெற்றவள் முதல் மாதம் வீட்டுக்குள்ளேயே உட்கார வேண்டும். காற்று படக் கூடாது, பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது. அழுதால் வயதான காலத்தில் கண் போய்விடும். சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொண்ட சோங் அக்கா இதை மூன்று வேளையும் சூப்போடு சேர்த்துப் பரிமாறினாள். ருவோலானும் சமர்த்தாக அழாமல் இருந்தாள். மாதம் முடிந்து சோங் அக்கா அடுத்த வீட்டுப் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனாள். இனி தாராளமாக அழலாம் என்று உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாகப் பயம் வந்தது.

சும்மா பயமில்லை. பதினோராவது மாடி வீட்டின் பால்கனியில் குழந்தைத் துணி உலர்த்தப் போனவளுக்கு, ஒரு நாள் திடீரென்று தன் கைகள் விரிவது போலவும் யாயா நழுவுவது போலவும் கண்முன் வந்தது. யாயா அப்போது உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இருந்தும் அந்தக் காட்சி போகவில்லை. பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். எட்டு நாளாகத் துணிகளெல்லாம் குளியலறையில் தொங்கி ஈரவாடை அடித்தன.

இதை யாரிடம் சொல்ல? சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா?

அந்தப் பயத்துக்குக் கூடத்தில் ஒரு கண்ணும் இருந்தது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வெள்ளையாக, உருண்டையாக, ஒரு கேமரா. ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் தனியாக இருக்கும் மாமனார் ஃபெங், பேத்தியைப் பார்ப்பதற்காக வாங்கி அனுப்பியது. நூற்பாலையின் கொதிகலன் கூடத்தில் முப்பது வருஷம் நெருப்பைக் காவல் காத்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கேமராவைக் காவல் காத்தார். தன் கைபேசியிலிருந்தே அதன் தலையைத் திருப்புவார். திருப்பினால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அவர் பார்க்கும்போது அதன் நெற்றியில் நீல விளக்கு எரியும்.

ருவோலான் ஒன்றைக் கவனித்திருந்தாள். அவள் சமையலறைக்குப் போனால் கேமரா சமையலறைப் பக்கம் திரும்பும். பால்கனிக் கதவருகே நின்றால் அங்கே திரும்பும். தொட்டில் இந்தப் பக்கம் இருக்க, அது அவளைத்தான் தொடர்ந்தது.

மருமகள் மேல் சந்தேகம். வேறென்ன இருக்க முடியும்?

கேமராவின் மின்செருகியைப் பிடுங்கினால் அடுத்த நிமிடமே அவருடைய கைபேசிக்குத் தகவல் போய்விடும். அதனால்தான் அவள் பத்து மணியைத் தேர்ந்தெடுத்தாள். அந்த நேரத்தில் அவர் பூங்காவில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று யாயாவின் துண்டு ஒன்றை எடுத்துக் கேமராவின் தலையில் போட்டு மூடினாள்.

மணி பத்து. திரையில் சியு டீச்சர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னால் ஒரு புத்தக அலமாரி, அதில் பாதி காலி.

"முதல்ல சொல்லுங்க, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

ருவோலான் இந்தக் கேள்விக்குத் தயாராகவே இல்லை. "கஞ்சி... இல்ல, அது நேத்து."

"சரி. தூக்கம்?"

"அவ தூங்கறா. நான் அவ மூச்சு விடறாளான்னு பாத்துட்டிருப்பேன்."

அப்படித்தான் தொடங்கியது. அவசரப்படுத்தாமல் கேட்டார். கேட்கக் கேட்க இவள் சொன்னாள். பால்கனியைச் சொன்னாள். அரிசி டப்பாவைச் சொன்னாள். கேமராவைச் சொன்னாள். குரல் தாழ்ந்துகொண்டே போனது.

"நான் கெட்ட அம்மாவா, டீச்சர்?"

"கதவைப் பூட்டிச் சாவியைப் புதைச்சிருக்கீங்க. அந்த நினைப்பு உங்களைப் பயமுறுத்துது. அதை நீங்க விரும்பல. பிரசவமான நிறைய பேருக்கு இப்படி வரும், வெளியே சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லிட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப ஒண்ணு நேராவே கேக்கறேன். நேராவே பதில் சொல்லணும். உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.

"சாகணும்னு இல்ல. நான் இல்லாட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுது. மூணு நாளா... எப்படின்னு கூட யோசிச்சுப் பாத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

சியு டீச்சரின் முகம் மாறவில்லை. கை மட்டும் பேனாவை எடுத்தது. "சொன்னதுக்கு நன்றி. இதை நாம ரெண்டு பேர் மட்டும் வச்சுக்க முடியாது. ஆபத்துன்னா வேற ஆள்கிட்ட சொல்லலாம்னு பதிவு பண்ணும்போதே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னிக்கு உங்க பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். நாளைக்கு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாக்கணும். மருந்து எழுத வேண்டியவர் அவர். பால் கொடுக்கும்போதே சாப்பிடற மருந்தும் உண்டு, அதை அவர் பாத்துக்குவார். அவசரத்துக்குன்னு ஒரு அக்கா நம்பர் கொடுத்திருக்கீங்க. அவங்களைக் கூப்பிடறேன்."

"வேண்டாம், டீச்சர்..."

அவர் அழைத்துவிட்டார்.

ருவோலானுக்குப் பின்னால், அலமாரியின் இழுப்பறைக்குள் ஏதோ கணகணவென்று ஒலித்தது. அவளுடைய பழைய கைபேசி. அக்கா என்று யாரும் அவளுக்கு இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் தன் பழைய எண்ணையே எழுதிவிட்டு, அதோடு மறந்தும் போயிருந்தாள்.

இரண்டு பேரும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாயா தூக்கத்தில் முனகினாள்.

"உங்கக்கா அலமாரிக்குள்ளயா குடியிருக்காங்க?" என்றார் சியு டீச்சர்.

ருவோலானுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பாதியிலேயே அது நின்றுபோனது.

"உங்கம்மா?"

"தெற்கே, தம்பி வீட்டுல. அவனுக்கு ரெட்டைக் குழந்தை."

"எதிர் வீடு?"

"பேரு கூடத் தெரியாது."

"உங்க வீட்டுக்காரர்?"

"சிப் செய்யற தொழிற்சாலை. உள்ளே போகும்போது போனைப் பூட்டி வச்சுட்டுப் போகணும். அஞ்சு மணிக்குத்தான் எடுப்பார். சொல்லாதீங்க, டீச்சர். கால்ல விழறேன். அவர் அவங்கப்பாகிட்ட சொல்வார். அவங்கப்பா வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவார். அவருக்கு ஏற்கெனவே என் மேல..."

சொல்லிக்கொண்டே கேமராப் பக்கம் திரும்பினாள்.

துண்டின் வெள்ளைத் துணிக்கு அடியில், மங்கலாக, நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? துணி கேமராவின் கண்ணைத்தான் மூடியிருந்தது. காது திறந்தே கிடந்தது.

"டீச்சர்," என்றாள் அவள். "அவர் கேட்டுட்டிருக்கார்."

அவள் எழுந்து துண்டை இழுத்தாள். நீல விளக்கு ஒரு கணம் எரிந்தது. பிறகு அணைந்துவிட்டது. வழக்கமாக மாமனார் போகும்போது, "சரிம்மா, வச்சிடறேன்" என்று கேமரா வழியாக ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

அவள் அவரை அழைத்தாள். மூன்று முறை மணி அடித்தது. பிறகு அவர் துண்டித்தார்.

மறுபடி அழைத்தாள். மறுபடியும் துண்டித்தார்.

பயம் என்றால் என்னவென்று அதுவரை தனக்குத் தெரியும் என்றுதான் ருவோலான் நினைத்திருந்தாள். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. கை கால் ஓடவில்லை. பிறகு கை மட்டும் தானாக ஓடத் தொடங்கியது. ஒரு பையை எடுத்தாள். யாயாவின் சட்டை இரண்டு, தடுப்பூசிப் புத்தகம், பால் புட்டி, குட்டித் தொப்பி என்று ஒவ்வொன்றாகத் திணித்தாள்.

"ருவோலான். பை எதுக்கு?" கைபேசியிலிருந்து சியு டீச்சரின் குரல் வந்தது.

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. குழந்தையோடு ஓடிப்போவதற்கா, குழந்தையை அவர்களிடம் ஒப்படைப்பதற்கா? பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.

"அதைக் கீழே வைங்க. போனை நேரா வைங்க, உங்க முகம் எனக்குத் தெரியணும். இன்னிக்கு யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்னு பத்து நிமிஷமா உங்ககிட்ட கெஞ்சிட்டிருந்தேன். ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு. அது நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் தொழிற்சாலை நம்பரைச் சொல்லுங்க. வாசல்ல இருக்கறவங்களை விட்டு உள்ளேயிருந்து கூப்பிடச் சொல்றேன்."

"அவர் வேலை போயிடும்."

"பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னா யாருக்கும் வேலை போகாது. நம்பர்."

சொன்னாள்.

"நான் எங்கேயும் போகல," என்றார் சியு டீச்சர். "அடுத்த ரெண்டு பேரை வேற நாளைக்கு மாத்தறேன். பேச வேண்டாம். குழந்தையைப் பாருங்க, பால் கொடுங்க, சும்மா இருங்க. ஆள் வர்ற வரைக்கும் நான் லைன்ல இருக்கேன்."

அப்படியே இருந்தார். ருவோலான் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள். கைபேசியில் யாரோ விசைப்பலகையைத் தட்டும் சத்தமும், தேநீர் உறிஞ்சும் சத்தமும், ஒரு முறை தும்மலும் கேட்டன. பன்னிரண்டு மணிக்கு, "ஏதாவது சாப்பிடுங்க, நானும் சாப்பிடறேன்" என்று சொல்லி டீச்சர் கேமராவுக்கு முன்னாலேயே நூடுல்ஸ் சாப்பிட்டார். ருவோலான் ஒரு வேகவைத்த முட்டையைத் தின்றாள்.

லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாயாவை இறுக்கிக்கொண்டாள். இறுக்கியதும், அதிகமாக இறுக்கிவிட்டோமோ என்று பதறித் தளர்த்தினாள். தளர்த்தியதும் கைகள் விரியும் அந்தக் காட்சி வந்தது. பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கையையே நம்ப முடியாமல் ஒருத்தி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரிக்கும் அப்படி ஒரு மதியம் வரக் கூடாது.

இரண்டே முக்காலுக்கு வாசல் பூட்டின் எண்களை யாரோ அழுத்தினார்கள். நான்கு முறை 'பீப்' என்றது. ஒரு எண் தப்பாகிவிட்டது போலிருக்கிறது. மறுபடி நான்கு.

கதவு திறந்தது. ஃபெங் நின்றுகொண்டிருந்தார்.

எப்போது வந்தாலும் ஒரு கூடை முட்டையும் மெல்லிய ரொட்டிக் கட்டும் இல்லாமல் வராத மனிதர், இன்று வெறுங்கையோடு வந்திருந்தார். காலில் வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு. அதோடேயே ரயிலேறியிருக்கிறார்.

ருவோலான் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். இன்று அந்தச் சொல்லே வாயில் வரவில்லை.

"எடுத்துட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்றாள். "பை கட்டி வச்சிருக்கேன். ராத்திரி ரெண்டு தரம் பால் குடிப்பா. இடது பக்கம் படுக்க வச்சாத்தான் தூங்குவா."

பெரியவர் பையைப் பார்த்தார். தொட்டிலைப் பார்க்கவே இல்லை.

"யாரும்மா எடுத்துட்டுப் போறது?"

"நீங்க கேட்டீங்கல்ல? எல்லாம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்." அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால் வலித்திருக்க வேண்டும். முகம் சுளித்தது. "நீ போன் பண்ணினப்ப ஸ்டேஷனுக்கு ஓடிட்டிருந்தேன். கட் பண்ணிட்டேன். எனக்குப் பேசத் தெரியாது. போன்ல ஏதாவது தப்பாச் சொல்லி, நீ ஏதாவது பண்ணிக்கிட்டா? நேரே வந்துடலாம்னு ஏறிட்டேன்."

"நீங்க என்னைச் சந்தேகப்பட்டுத்தானே கேமராவைத் திருப்பித் திருப்பி..."

"சந்தேகமா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையை நான் பாக்கவே இல்லம்மா. அவளுக்கென்ன, அழுதா பால் கிடைக்கும். உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். நல்ல வெயில் அடிக்குது, எட்டு நாளா பால்கனியில ஒரு துணி காயல. நீ அந்தக் கதவுகிட்ட நிக்கற, திரும்பிடற. மறுபடி நிக்கற. எனக்கு அன்னியிலேருந்து சோறு இறங்கல. பூங்காவுக்கும் போகல. என்ன கேக்கறது, எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

ருவோலானுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை நாள் எந்தக் கண்ணுக்குப் பயந்து செத்தாளோ, அது தன்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தது என்பதை மனசு உடனே ஏற்றுக்கொள்ளுமா? அவள் மெல்லச் சுவரோடு சரிந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா," என்றது கைபேசி. "நான் சியு. அவங்களோட பேசிட்டிருக்கற ஆலோசகர்."

பெரியவர் ஒரு கணம் திடுக்கிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையையும் பென்சிலையும் எடுத்தார். "சொல்லுங்க, டீச்சர். என்ன செய்யணும்? மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

டீச்சர் சொன்னார். நாளைக் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் நேரம் வாங்க வேண்டும். அதுவரை அவளைத் தனியாக விடக் கூடாது. கூடவே இருக்க வேண்டும், திட்டக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது. பெரியவர் ஒவ்வொன்றையும் எழுதினார். "புத்திமதி கூடாது" என்பதற்கு அடியில் கோடு போட்டார்.

"அவசர நம்பர்னு இருந்ததே, அதுல என் நம்பரைப் போட்டுக்குங்க. நான் அலமாரிக்குள்ள இருக்க மாட்டேன்."

அதையும் கேட்டிருக்கிறார்! ருவோலானுக்கு முகம் சுட்டது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சு இளகியது.

அது இளகி முடிவதற்குள் போயுவான் வந்துவிட்டான். வேலையிடத்துத் தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் அப்படியே இருந்தது.

"யாயாவுக்கு என்ன? காலையில வந்த போனை ரெண்டு மணிக்குத்தான் வாசல்லேர்ந்து ஆள் விட்டுச் சொல்றாங்க, மொத்தப் பிரிவும் என்னையே பாக்குது. அப்பா, நீங்க எப்படி இங்கே?"

பெரியவர் சொன்னார். சுருக்கமாக, எதையும் மறைக்காமல் சொன்னார். போயுவானின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. பயந்த ஆண்பிள்ளைக்குக் கோபம்தானே முதலில் வரும்?

"மனநல ஆஸ்பத்திரியா? ருவோலான், உனக்கென்ன பைத்தியமா? பேரு பதிவாகும். லீவு முடிஞ்சு நீ வேலைக்குத் திரும்பிப் போகணும்ல? யார் கண்ணிலயாவது பட்டா? தூக்கமில்ல, அவ்வளவுதான். இன்னிக்கு நான் பிள்ளையைப் பாத்துக்கறேன். நல்லாத் தூங்கு, சரியாயிடும்."

ருவோலான் தலையைக் குனிந்துகொண்டாள். தான் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள். ஆமாம் என்று சொல்ல அவள் வாயையும் திறந்தாள்.

"அதைச் சொல்லாதே," என்றார் பெரியவர்.

"எதை?"

"தூங்கு, சரியாயிடும்னு. அதைச் சொல்லாதே."

"உலகத்துல எல்லாப் பொம்பளையும்தான் பெத்துக்கறா, அப்பா. எங்கம்மா என்னைப் பெத்துட்டு எந்த டாக்டரைப் போய்ப் பாத்தாங்க? மூணே மாசத்துல காய்ச்சல்ல போகாம இருந்திருந்தா, இன்னிக்கு அவங்களே இங்கே வந்து..."

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்க நேரமாயிற்று.

"உங்கம்மா காய்ச்சல்ல சாகலடா."



"என்கிட்ட வந்து ஒரு தடவை சொன்னா. பயமா இருக்கு, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதேன்னா. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. தூங்கு, சரியாயிடும்னு சொல்லிட்டுப் போனேன்."

முப்பத்தொரு வருஷமாக ஆண்டுதோறும் அம்மாவின் கல்லறைக்குப் போய் வருகிறவன் போயுவான். "அப்போ... எப்படி?"

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். சிகரெட் அட்டையை எடுத்து மகனின் கையில் திணித்தார்.

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு இவளைக் கூட்டிட்டுப் போ. டாக்டர் பாத்து முடிச்சு நீங்க ரெண்டு பேரும் வெளியே வாங்க. வந்ததும் சொல்றேன்."